பஸ்டர் கீட்டன்: சிரிக்காத முகத்தின் நகைச்சுவை

பஸ்டர் கீட்டன் (4 அக்டோபர் 1895 - 1 பிப்ரவரி 1966) அமெரிக்க நகைச்சுவை நடிகர், இயக்குநர். மௌனப்படக் காலத்தின் மூன்று பெரிய நகைச்சுவைக் கலைஞர்களாக சார்லி சாப்ளின், ஹெரால்ட் லாயிட் ஆகியோருடன் சேர்த்து எண்ணப்படுபவர். 1920 முதல் 1928 வரை தம் சொந்தக் குழுவோடு பத்தொன்பது குறும்படங்களையும் பத்து முழுநீளப் படங்களையும் எடுத்தார். 1928-இல் ஒரு பெரிய ஸ்டுடியோவின் சம்பள நடிகரானார். அதன்பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் உயிரோடிருந்தும், முன்பு எடுத்தவற்றுக்கு இணையான முழுநீளப் படம் ஒன்றை எடுக்கும் அதிகாரம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

இந்த வீழ்ச்சிக்குப் பேசும் படத்தின் வருகையே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மை வேறு. கீட்டனின் கலையைக் குலைத்தது ஒலி அல்ல, உரிமை. தமிழ்ச் சூழலில் மௌனப்பட நகைச்சுவை என்றால் சாப்ளின் மட்டுமே நினைவுக்கு வருகிறார். 1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் கமல்ஹாசன் ஏற்ற இரு வேடங்களில் ஒன்றின் பெயரே சாப்ளின் செல்லப்பா. கீட்டனுக்கு அப்படி ஓர் இடம் இங்கு அமையவில்லை. ஏன் அமையவில்லை என்ற கேள்வி, அவரைப் பற்றி மட்டுமல்லாமல் தமிழ் நடிப்பைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லும்.

மேடையில் எறியப்பட்ட குழந்தை

ஜோசப் ஃபிராங்க் கீட்டன் கன்சாஸ் மாநிலத்தின் பிக்வா என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஜோ, மைரா இருவரும் ஊர் ஊராகப் போய்ப் பல்சுவை மேடை நிகழ்ச்சி நடத்தியவர்கள். குழந்தையும் விரைவிலேயே மேடை ஏறியது. ‘மூன்று கீட்டன்கள்’ என்ற அந்த நிகழ்ச்சியின் கரு எளிமையானது. பையன் சொல் பேச்சுக் கேட்க மாட்டான், அப்பா அவனைத் தூக்கி எறிவார். மேடைத் திரையின் மீதும், வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பள்ளத்திலும் எறிவார். தூக்குவதற்கு வசதியாகப் பையனின் உடையின் முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்று தைக்கப்பட்டிருந்தது. குழந்தைகளைப் பாதுகாக்கும் அமைப்புகள் பலமுறை தலையிட்டன.

இந்த வதைப்போன்ற பயிற்சியில் கீட்டன் இரண்டு விஷயங்களைக் கற்றார். ஒன்று, அடிபடாமல் விழுவது எப்படி என்பது. மற்றது, விழுந்து எழுந்தபின் தான் சிரித்தால் அவையோர் சிரிப்பது குறைகிறது, முகத்தை அசைக்காமல் நின்றால் சிரிப்பு கூடுகிறது என்பது. பின்னாளில் ‘கல்முகம்’ என்று உலகம் அழைத்த அந்த முகபாவம் தத்துவமாகச் சிந்தித்து அடைந்ததல்ல. மேடையில் ஒவ்வொரு இரவும் அவையோரைக் கவனித்துக் கண்டறிந்த தொழில் உத்தி அது.

கேமராவைப் பிரித்துப் பார்த்தவர்

1917-இல், இருபத்தொரு வயதில், நியூயார்க்கில் ரோஸ்கோ ஆர்பக்கிள் என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நடிகரின் படப்பிடிப்புக்குக் கீட்டன் போனார். ‘தி புச்சர் பாய்’ அவர் நடித்த முதல் படம். அன்று நடித்ததைவிட முக்கியமான ஒன்றை அவர் செய்தார். கேமரா எப்படி இயங்குகிறது என்று அதைப் பிரித்துப் பார்த்தார். மேடையில் கிடைத்த நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் படத்தில் சேர்ந்தார்.

முதல் உலகப்போரில் படையில் சேர்க்கப்பட்டு பிரான்ஸ் போய்த் திரும்பினார். அங்கு ஏற்பட்ட தொற்றால் செவித்திறன் ஓரளவு பாதிக்கப்பட்டது. 1920-இல் ஆர்பக்கிள் முழுநீளப் படங்களுக்குப் போய்விட, தயாரிப்பாளர் ஜோசப் ஷென்க் குறும்படம் எடுக்கும் பொறுப்பைக் கீட்டனிடம் கொடுத்தார். அவருக்கென ஒரு ஸ்டுடியோவும் குழுவும் அமைந்தன. நகைச்சுவைக் காட்சிகளை யோசிக்க ஜீன் ஹாவெஸ், ஜோசப் மிட்செல், கிளைட் புரூக்மன் போன்றவர்கள் இருந்தனர். ஒளிப்பதிவுக்கு எல்ஜின் லெஸ்லி. முழுமையாக எழுதிய திரைக்கதை கிடையாது. தொடக்கமும் முடிவும் தெளிவாகிவிட்டால் போதும், நடுப்பகுதி படப்பிடிப்பில் உருவாகும். யோசனை தடைப்பட்டால் எல்லோரும் பேஸ்பால் ஆடப் போவார்கள். பொறுப்பற்ற முறைபோலத் தோன்றும் இதுதான் அவருடைய சிறந்த படங்களைக் கொடுத்தது.

இந்தக் காலகட்டத்தில் முதலில் வெளியான ‘ஒன் வீக்’ (1920) இன்றும் புதிதாக இருக்கிறது. புதுமணத் தம்பதிக்குப் பகுதி பகுதியாகப் பெட்டியில் வரும் வீடு ஒன்று பரிசாகக் கிடைக்கிறது. பொறாமை கொண்ட ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். குறிப்பின்படியே ஒழுங்காக வீட்டைக் கட்டுகிறார் கீட்டன். சுவரும் கதவும் இடம் மாறிய கோணல் வீடு எழுகிறது. புயலில் அது பம்பரமாகச் சுழல்கிறது. இறுதியில் வீட்டை வேறு மனைக்கு இழுத்துப் போகும்போது தண்டவாளத்தின் நடுவே மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. கணவனும் மனைவியும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. பெருமூச்சு விட்ட மறுகணம், எதிர்த்திசையிலிருந்து வரும் இன்னொரு ரயில் வீட்டை நொறுக்குகிறது. கீட்டன் இடிபாட்டின் மேல் ‘விற்பனைக்கு’ என்ற பலகையை வைத்து, கட்டும் முறை எழுதிய தாளையும் அதோடு சேர்த்து வைத்துவிட்டு மனைவியின் கையைப் பிடித்து நடக்கிறார்.

கீட்டனின் உலகம் முழுவதும் இந்தப் படத்தில் இருக்கிறது. பொருள்கள் மனிதனுக்கு எதிரானவையும் அல்ல, ஆதரவானவையும் அல்ல. அவை தம் விதிப்படி இயங்குகின்றன. மனிதன் அந்த விதியைக் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். தோற்றால் புலம்ப நேரமில்லை.

முகமும் உடலும்

கீட்டன் முகத்தில் எதுவும் இல்லை என்பது தவறான கூற்று. அவருடைய கண்கள் எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன. தூரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, தப்பிக்க வழி எங்கே என்று தேடுகின்றன. உணர்ச்சியை அறிவிக்காமல் சிந்தனையை மட்டும் காட்டும் முகம் அது. நடிகர் தம் துயரத்தைச் சொல்லாததால், பார்ப்பவரே அதை ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் பார்வையாளருக்கு இந்த இடத்தில் ஒரு தடை உண்டு. கீட்டன் தம் சுதந்திரத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்த அதே 1928-ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று விழுப்புரத்தில் பிறந்தவர் சிவாஜி கணேசன். புருவம், கன்னம், உதடு, குரல் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கருவியாகப் பயன்படுத்தி, உணர்ச்சியை முழுதாக வெளியே கொண்டுவந்து நிறுத்துவது அவருடைய நடிப்பு முறை. 1952-இல் ‘பராசக்தி’க்குப் பின் தமிழில் நடிப்பு என்ற சொல்லின் பொருளையே அது வரையறுத்தது. சிவாஜியில் முகமே மேடை. கீட்டனில் முகம் அசையாத ஓர் அச்சு, உடலும் உலகமும் அதைச் சுற்றிச் சுழல்கின்றன. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதல்ல இதன் பொருள். ஒரு முறையை மட்டுமே நடிப்பு என்று பழகிய கண்ணுக்கு மற்றது வெறுமையாகத் தோன்றும் என்பதே.

சிவாஜிக்குப் பின்னால் நாடக மேடையும், அதற்கும் பின்னால் கூத்தும் இருக்கின்றன. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரம் தெருக்கூத்தின் உயிருள்ள நிலம். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் இரவு முழுக்க நடக்கும் பாரதக் கூத்தில் சிரிப்பு மூட்டும் பொறுப்பு கட்டியங்காரனுடையது. அவன் வேந்தனைக் கேலி செய்வான், கதைக்குள்ளிருந்து வெளியே வந்து ஊர் நடப்பைப் பேசுவான், மறுபடி கதைக்குள் போவான். அவனுடைய ஆயுதம் வாய். உடல் கோமாளித்தனம் உண்டு, ஆனால் அது பேச்சுக்குத் துணை. தமிழ் சினிமா நகைச்சுவை இந்த மரபின் வாரிசு. என்.எஸ். கிருஷ்ணன் முதல் கவுண்டமணி, விவேக் வரை பேச்சே முதன்மை. 1931-இல் ‘காளிதாஸ்’ வந்ததிலிருந்து தமிழ் சினிமா பாட்டும் பேச்சுமாகவே வளர்ந்தது. கீட்டனுக்கு இங்கு இடம் அமையாததற்கு இதுவே அடிப்படைக் காரணம். சாப்ளினிடம் கண்ணீர் இருந்தது, ஏழையின் மானம் இருந்தது, குழந்தையும் குருட்டுப் பெண்ணும் இருந்தார்கள். அந்த உணர்ச்சிகளைத் தமிழ் மனம் உடனே அடையாளம் கண்டது. கீட்டன் இரக்கத்தைக் கேட்கவே இல்லை.

‘தி ஜெனரல்’: ஓர் என்ஜினின் காவியம்

கீட்டனின் உச்சம் 1926-இல் முடிக்கப்பட்ட ‘தி ஜெனரல்’. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862-இல் வடபகுதி ஒற்றர்கள் தென்பகுதியின் ரயில் என்ஜின் ஒன்றைக் கடத்திய உண்மைச் சம்பவமே கதைக்கு மூலம். படத்தில் கீட்டன் ஜானி கிரே என்ற என்ஜின் ஓட்டுநர். அவனுக்கு இரண்டு காதல்கள். ஒன்று என்ஜின், மற்றது அன்னபெல். படையில் சேரப் போகிறான். ஓட்டுநராக இருப்பதே படைக்கு அதிகப் பயன் என்று மறுத்துவிடுகிறார்கள், ஆனால் காரணத்தை அவனிடம் சொல்வதில்லை. கோழை என்று காதலி ஒதுக்குகிறாள். பிறகு என்ஜினும், அதிலிருந்த காதலியும் கடத்தப்படுகிறார்கள். ஜானி தனியாகத் துரத்துகிறான்.

சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரியும் விழுப்புரம் சந்திப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் படத்தின் அடிப்படையை விளக்கத் தேவையில்லை. ரயில் தண்டவாளத்தை விட்டு விலக முடியாது. போகும் வழி ஒன்று, வரும் வழியும் அதுவே. கிளைப்பாதை எங்கே பிரிகிறதோ அங்கு மட்டும்தான் தேர்வு உண்டு. கீட்டன் இந்தக் கட்டுப்பாட்டையே படத்தின் வடிவமாக்கினார். முதல் பாதியில் ஜானி வடக்கு நோக்கி எதிரியைத் துரத்துகிறான். இரண்டாம் பாதியில் எதிரி தெற்கு நோக்கி ஜானியைத் துரத்துகிறான். முதல் பாதியில் எதிரி செய்த தடைகளை இரண்டாம் பாதியில் ஜானி செய்கிறான். போன பாதையிலேயே திரும்பும் ஒரு ரயிலைப்போலப் படம் மடங்கி வருகிறது. இவ்வளவு கறாரான அமைப்புள்ள நகைச்சுவைப் படங்கள் மிகக் குறைவு.

மூன்று காட்சிகள் இவ்வமைப்புக்குள் தனித்து நிற்கின்றன. காதலி ஒதுக்கிய பின் ஜானி என்ஜினின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின் மேல் துவண்டு உட்கார்கிறான். என்ஜின் மெல்ல நகர்கிறது. தண்டோடு சேர்ந்து அவனும் மேலும் கீழும் போய்வருகிறான், அதை உணராமலே. ஷெட்டுக்குள் நுழையும் தருணத்தில்தான் திரும்பிப் பார்க்கிறான். சக்கரம் சற்று வழுக்கிச் சுழன்றிருந்தால் நடிகரின் உயிர் போயிருக்கும். துயரத்தைக் காட்ட ஒரு துளிக் கண்ணீரோ, ஒரு வசன அட்டையோ இல்லை. துயரத்தில் ஆழ்ந்தவனுக்கு உலகம் நகர்வது தெரியாது என்ற உண்மையை என்ஜின் செய்து காட்டுகிறது.

இரண்டாவது, எதிரிகள் தண்டவாளத்தின் மேல் போட்ட மரக்கட்டைகளை அகற்றும் காட்சி. ஓடும் என்ஜினின் முகப்பில் சாய்வாக இருக்கும் இரும்புத் தட்டியில் உட்கார்ந்து, ஒரு கட்டையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டிருக்கிறான். அடுத்த கட்டை எதிரே கிடக்கிறது. கையிலிருப்பதை எறிந்து எதிரே கிடப்பதன் முனையில் அடிக்கிறான். இரண்டும் தெறித்து விலகுகின்றன. ஒரே அசைவில் இரு சிக்கல்களும் தீர்கின்றன. இங்கு சிரிப்பும் வியப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. மூன்றாவது, விறகு வெட்டும் காட்சி. ஜானி குனிந்து மும்முரமாக விறகு வெட்டிக்கொண்டிருக்கிறான். பின்னணியில் அவனுடைய படை முழுவதும் பின்வாங்கி ஓடுகிறது, பிறகு எதிரிப்படை முன்னேறி வருகிறது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. சரித்திரமும் ஒரு தொழிலாளியின் வேலையும் ஒரே சட்டகத்தில் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

எரியும் மரப்பாலத்தோடு என்ஜின் ஆற்றில் விழும் காட்சி, ஓரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் அருகே, உண்மையான என்ஜினைக் கொண்டு ஒரே தடவையில் எடுக்கப்பட்டது. மௌனப்படக் காலத்தின் மிகச் செலவு மிக்க ஒற்றைக் காட்சி என்று அது குறிப்பிடப்படுகிறது. விழுந்த என்ஜின் இரண்டாம் உலகப்போர்க் காலம்வரை ஆற்றிலேயே கிடந்தது. படம் வெளியானபோது விமர்சகர்கள் பலரும் சலித்துக்கொண்டார்கள். வசூலும் செலவுக்கு ஈடாகவில்லை. இந்தத் தோல்விதான் கீட்டனின் மீது முதலீட்டாளர்கள் வைத்திருந்த நம்பிக்கையைத் தளர்த்தியது.

ஆபத்தின் அழகியல்

கீட்டனின் சாகசங்கள் பெரும்பாலும் வெட்டப்படாத நீண்ட காட்சிகளாக, முழு உடலும் தெரியும் தொலைவிலிருந்து எடுக்கப்பட்டவை. அண்மைக்காட்சியில் வெட்டி ஒட்டினால் பார்ப்பவர் நம்பமாட்டார், நம்பாவிட்டால் சிரிக்கமாட்டார் என்பது அவருடைய கணிப்பு. ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924) படத்தில் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து கொட்டிய நீரின் வேகத்தில் தண்டவாளத்தில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் அது தெரிந்தது. ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில் புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அவர்மேல் சாய்கிறது. சுவரிலிருந்த சன்னல் திறப்பு சரியாக அவர் நின்ற இடத்தில் விழுவதால் தப்புகிறார். சுவர் உண்மையானது, சில அங்குல இடைவெளியே இருந்தது.

ஆபத்தை மட்டும் புகழ்வது கீட்டனைச் சர்க்கஸ்காரராகக் குறைத்துவிடும். ‘ஷெர்லாக் ஜூனியர்’ அதே அளவுக்குச் சினிமாவைப் பற்றிய சிந்தனையும் கூட. படம் ஓட்டுபவராக வேலை செய்யும் நாயகன் தூங்கிப்போகிறான். கனவில் அவனுடைய உருவம் எழுந்து திரைக்குள் நுழைகிறது. திரையில் காட்சி மாறிக்கொண்டே இருக்கிறது. அவன் உட்காரப் போகும் இடம் தெருவாகிறது, நடக்கப் போகும் தெரு பாறை விளிம்பாகிறது, குதிக்கும் கடல் பனியாகிறது. படத்தொகுப்பு என்பது என்ன, ஒரு வெட்டு இடத்தையும் காலத்தையும் என்ன செய்கிறது என்பதை ஒரு வரி விளக்கமும் இன்றி அந்தக் காட்சி கற்பிக்கிறது. ‘தி பிளேஹவுஸ்’ (1921) என்ற குறும்படத்தில் ஒரே சட்டகத்தில் ஒன்பது கீட்டன்கள் தோன்றுகிறார்கள். படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி மறுபடி பதிந்து எடுத்த காட்சி அது. தொழில்நுட்பமே நகைச்சுவையாகும் இந்த இடத்தில் கீட்டனுக்கு அவர் காலத்தில் இணை இல்லை.

அவர் அவையோருக்குச் செவிகொடுத்தவரும் கூட. ‘செவன் சான்சஸ்’ (1925) முன்னோட்டத்தின்போது, சரிவில் ஓடும் நாயகனின் பின்னால் தற்செயலாக உருண்ட சில கற்களுக்கு எழுந்த சிரிப்பைக் கவனித்தார். திரும்பிப் போய், நூற்றுக்கணக்கான போலிப் பாறைகள் உருண்டு துரத்தும் நீண்ட காட்சியாக அதை விரித்தார். இன்று அந்தப் படம் நினைவில் நிற்பது அந்தக் காட்சிக்காகத்தான்.

1928: கையெழுத்து

கீட்டன் தம் பெயரிலிருந்த நிறுவனத்தின் உரிமையாளர் அல்லர். சம்பளமும் இலாபத்தில் ஒரு பங்கும் பெற்றார், படங்கள் அவருக்குச் சொந்தமாக இருக்கவில்லை. ஷென்க் சுதந்திரத் தயாரிப்பை நிறுத்திவிட்டு எம்ஜிஎம் நிறுவனத்தில் சேரச் சொன்னபோது, சாப்ளினும் லாயிடும் வேண்டாம் என்று எச்சரித்தார்கள். கீட்டன் கேட்கவில்லை. தம் வாழ்வின் மிகப்பெரிய தவறு இதுவே என்று பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார்.

எம்ஜிஎம்மில் எடுத்த முதல் படமான ‘தி கேமராமேன்’ (1928) நன்றாகவே அமைந்தது. அடுத்து நிலைமை மாறியது. முழுத் திரைக்கதை முன்னதாகவே எழுதி ஒப்புதல் பெற வேண்டும். கால அட்டவணை தயாரிப்பாளரின் கையில். பழைய குழு கலைந்தது. பேசும் படம் வந்தபின் வசனங்களால் நிரம்பிய கதைகளில் அவரை அசடனாக நிறுத்தினார்கள். அதிகம் பேசும் ஜிம்மி டுராண்டியோடு இணைத்தார்கள். இந்தப் படங்கள் வசூலில் தோற்கவில்லை என்பதே இதில் கசப்பான செய்தி. அவருடைய குரலும் பேசும் படத்துக்குப் பொருந்தாததல்ல, சிறுவயது முதல் மேடையில் பழகிய கரகரத்த தடித்த குரல். ஆகவே ஒலி அவரைத் தோற்கடித்தது என்பது பொருந்தாது. வசூல் வந்ததால் ஸ்டுடியோவுக்கு மாற்றிக்கொள்ளக் காரணமும் இல்லாமல் போயிற்று.

சாப்ளினோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். சாப்ளினுக்குச் சொந்த ஸ்டுடியோ இருந்தது. 1919-இல் தொடங்கிய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் விநியோக நிறுவனத்தின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். அதனால் பேசும் படம் வந்த பின்பும் 1931-இல் ‘சிட்டி லைட்ஸ்’, 1936-இல் ‘மாடர்ன் டைம்ஸ்’ ஆகியவற்றை உரையாடலைச் சார்ந்திராமல் எடுக்க முடிந்தது. இருவருக்கும் எதிரே இருந்த தொழில்நுட்பம் ஒன்றே. உரிமைப் பத்திரம் மட்டுமே வேறு.

அதன்பின் சரிவு வேகமாக நடந்தது. குடி கட்டுமீறியது. 1932-இல் மணமுறிவு. 1933-இல் எம்ஜிஎம் அவரை வெளியேற்றியது. பிறகு மலிவான குறும்படங்களில் நடித்தார். ஒரு கட்டத்தில் அதே எம்ஜிஎம்மில், மார்க்ஸ் சகோதரர்களுக்கும் ரெட் ஸ்கெல்டனுக்கும் நகைச்சுவைக் காட்சி யோசித்துத் தரும் பெயர் தெரியாத ஊழியராகச் சம்பளம் வாங்கினார். 1940-இல் எலினார் நாரிசை மணந்தது அவருடைய வாழ்வை நிலைப்படுத்தியது.

தமிழ் நகைச்சுவைக்கு முன் ஒரு கண்ணாடி

கீட்டனின் கதையைத் தமிழ்ச் சூழலில் வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. தமிழில் நகைச்சுவை பெரும்பாலும் படத்துக்குள் செருகப்பட்ட தனிப்பகுதி. என்.எஸ். கிருஷ்ணன் தம் குழுவோடு நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்து எடுத்துப் படங்களில் சேர்த்தார். ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் கவுண்டமணி - செந்தில் பகுதிகளை எழுதியவர் ஏ. வீரப்பன். இந்த ஏற்பாடு நகைச்சுவை நடிகருக்கு ஒரு சிறு தனியரசை அளித்தது. ஆனால் முழுப் படமும் அவருடைய பார்வையில் விரியும் வாய்ப்பை அது கொடுக்கவில்லை. கீட்டனிடம் படம் முழுவதுமே ஒரே நகைச்சுவைச் சிந்தனை. அதிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்தெடுத்தால் பாதி உயிர் போய்விடும்.

உடலால் சிந்தித்த நடிகர்கள் தமிழில் இல்லாமல் இல்லை. ‘சபாஷ் மீனா’ (1958) படத்தில் சிவாஜியோடு இரட்டை வேடத்தில் நடித்த ஜே.பி. சந்திரபாபுவின் உடல் நெகிழ்வு, நாகேஷின் எலும்பில்லாததுபோன்ற அசைவு, வடிவேலுவின் நடை ஆகியவை மௌனப்பட மரபுக்கு நெருக்கமானவை. ‘ஃபிரெண்ட்ஸ்’ (2001) படத்தில் சுத்தியல் தலையில் விழும் காட்சியில் சிரிப்பு மூட்டுவது சுத்தியலின் பாதைதான். கீட்டனும் புரிந்துகொள்ளக்கூடிய நகைச்சுவை அது. 1987-இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து, தமிழில் ‘பேசும் படம்’ என்ற பெயரில் வந்த உரையாடலற்ற படம் இந்தத் திசையில் எடுத்த முழு முயற்சி. அது ஒரு தொடர்ச்சியை உருவாக்காமல் தனித்து நின்றுவிட்டது. திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. உடல் நகைச்சுவைக்கு நேரம் வேண்டும், திருத்தி எடுக்கும் சுதந்திரம் வேண்டும், தோல்வியைத் தாங்கும் தயாரிப்பு வேண்டும். எழுதிய வசனத்தை ஒரு நாளில் எடுத்துவிடலாம். விழும் சுவரை அப்படி எடுக்க முடியாது.

குறைகள்

கீட்டனைக் குறையற்றவராக வாசிக்க முடியாது. ‘தி பிளேஹவுஸ்’, ‘காலேஜ்’ (1927) ஆகியவற்றில் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களைப் போலித்தனமாகக் காட்டும் பழைய மேடை வழக்கம் இருக்கிறது. ‘செவன் சான்ச’ஸிலும் அத்தகைய காட்சிகள் உண்டு. ‘தி ஜெனரல்’ அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்பகுதியின் தரப்பில் நாயகனை நிறுத்துகிறது. தோற்றவர்களை வில்லனாக்கினால் பார்ப்பவர்கள் ஏற்கமாட்டார்கள் என்ற வணிகக் கணக்கு அதற்குச் சொல்லப்பட்டது. கணக்கு எதுவாயினும், அடிமைகளாக இருந்தவர்களின் இருப்பே அந்தப் படத்தில் ஏறக்குறைய இல்லை. இயந்திரத்தின் ஒவ்வொரு திருகாணியையும் கவனித்த கண் இதைக் கவனிக்கவில்லை. வடிவத்தில் உயர்ந்த கலை வரலாற்றில் குருடாக இருக்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

பெண் பாத்திரங்களும் பல படங்களில் அடையவேண்டிய பரிசாக மட்டுமே வருகிறார்கள். ‘தி நேவிகேட்டர்’ (1924) படத்தின் நாயகியும், ‘தி ஜெனர’லின் இரண்டாம் பாதியில் வரும் அன்னபெல்லும் இதற்கு விலக்கு. அவர்கள் கூடவே வேலை செய்கிறார்கள், தவறும் செய்கிறார்கள். என்ஜின் அடுப்புக்குச் சிறு குச்சியைத் தேடிப் போடும் அன்னபெல்லின் கழுத்தை நெரிப்பதுபோலக் கையை வைத்து, உடனே முத்தமிடும் ஜானியின் காட்சியில் எரிச்சலும் அன்பும் சேர்ந்தே இருக்கின்றன.

மீட்பும் மதிப்பீடும்

1949-இல் ‘லைஃப்’ இதழில் மௌனப்பட நகைச்சுவை பற்றி ஜேம்ஸ் ஏஜி எழுதிய கட்டுரை கீட்டனின் பெயரை மறுபடி பேசவைத்தது. ‘சன்செட் புலவார்ட்’ (1950), சாப்ளினின் ‘லைம்லைட்’ (1952) ஆகியவற்றில் சிறு தோற்றங்களில் வந்தார். கீட்டன் ஒருகாலத்தில் வாழ்ந்த மாளிகையைப் பின்னர் வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன் அங்கு படச்சுருள்கள் இருப்பதைக் கண்டார். ரேமண்ட் ரோஹாயர் என்பவர் பழைய பிரதிகளைச் சேகரித்து மறுவெளியீடு செய்தார். 1960-இல் கீட்டனுக்குச் சிறப்பு ஆஸ்கர் வழங்கப்பட்டது. சாமுவேல் பெக்கெட் எழுதி 1965-இல் வெளியான ‘ஃபிலிம்’ என்ற குறும்படத்தில் நடித்தார். அதே ஆண்டு வெளியான, கனடாவில் எடுத்த ‘தி ரெயில்ராடர்’ படத்தில், எழுபதை நெருங்கும் வயதில், ஒரு சிறு தண்டவாள வண்டியில் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனார். வசனம் பேசவில்லை. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் விமர்சகர்களிடம் நடத்திய 1972, 1982 வாக்கெடுப்புகளில் ‘தி ஜெனரல்’ முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. 1989-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கப்பட்டபோது முதலில் சேர்க்கப்பட்ட 25 படங்களில் அதுவும் ஒன்று.

வெளியானபோது தோற்ற படம் ஐம்பது ஆண்டுக்குப்பின் செவ்வியல் படமாவது கலை வரலாற்றில் அரிதல்ல. ஆனால் அந்தத் தீர்ப்பு திருத்தப்படும்வரை கலைஞர் வேலை செய்ய முடியாமல் இருந்தார் என்பதை எந்தப் பாராட்டும் ஈடுசெய்யாது. கீட்டனின் படங்களை ரசிப்பதோடு, அவர் எடுக்காமல் போன படங்களையும் கணக்கில் சேர்த்தால்தான் இந்த வாழ்க்கையின் மதிப்பீடு முழுமையாகும். முப்பத்திரண்டு வயதில் தொழிலின் உச்சத்திலிருந்த ஒருவரிடம் வேலை முறையை மாற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான் நடந்தது. கலைஞரை அழிக்கத் தடையோ தணிக்கையோ எப்போதும் தேவைப்படுவதில்லை. அவர் வேலை செய்யும் விதத்தைக் கலைத்தாலே போதும்.

அவருடைய சுதந்திரக் காலப் படங்கள் அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலம் முடிந்தவை, இணையத்தில் எளிதாகக் கிடைப்பவை. புதிதாகப் பார்ப்பவர்கள் ‘ஒன் வீக்’, ‘ஷெர்லாக் ஜூனியர்’, ‘தி ஜெனரல்’ என்ற வரிசையில் தொடங்கலாம். இருபது நிமிடக் குறும்படத்தில் கண் பழகிவிட்டால், அந்த அசையாத முகத்தில் எவ்வளவு நடக்கிறது என்பது தானாகத் தெரியவரும். மொழி அறியத் தேவையில்லாத படங்கள் இவை. பொறுமையும், முழுச் சட்டகத்தையும் பார்க்கும் பழக்கமும் இருந்தால் போதும்.